பீரோவில் இருந்த ரிவால்வர்: தேய்மானமா, கோளாறா?

வட சென்னையில் இரும்புச் சாமான் வைத்திருக்கும் எல்லோருக்கும் எதிரி ஒன்றுதான். உப்புக்காற்று. ராயபுரத்தில் ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்காமல் இரண்டு வருடம் விட்டால் அப்பளம் மாதிரி பொரிந்து வரும். காசிமேட்டு விசைப்படகுகளில் போல்ட்டும் நட்டும் கிரீஸ் இல்லாமல் ஒரு சீசன் தாங்காது. எண்ணூர்ப் பக்கம் பைக் வாங்கியவர்களைக் கேட்டால், எந்த பாகம் முதலில் போகும் என்று வரிசையாகச் சொல்வார்கள். கேட், கிரில், கிணற்று மோட்டார், கேஸ் ஸ்டவ், தையல் மெஷின் என்று எதுவும் தப்புவதில்லை.

இந்தப் பட்டியலில் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பொருளும் உண்டு. லைசென்ஸ் துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் சினிமாதான் ஞாபகம் வரும். ஆறு தோட்டா போடும் ரிவால்வரில் ஹீரோ பதினைந்து முறை சுடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொஞ்சம் வயதானவர்களுக்கு 1967 ஜனவரி 12 ஞாபகம் வரும். ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் எம்.ஆர்.ராதா சுட்ட நாள். அதற்கு வெளியே, நிஜத்தில், லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி பெரும்பாலும் சுடுவதே இல்லை. பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே தூங்குகிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கவும், தேர்தல் வந்தால் ஒப்படைக்கவும் மட்டும் வெளியே வரும். சுட்டுத் தேய்வதைவிட சும்மா இருந்து கெடுவதுதான் அதிகம்.

எர்ணாவூரில் ஒரு வீட்டு பீரோவிலும் அப்படி ஒன்று 30 வருடமாக இருந்தது. வீட்டுப் பெரியவருக்கு இப்போது 73 வயது. காசிமேட்டில் ஐஸ் வியாபாரமும் மீன் ஏலமுமாக வாழ்ந்தவர். ஏலம் விடியற்காலை இருட்டிலேயே ஆரம்பித்துவிடும். அந்த நாளில் எல்லாம் ரொக்கம். லுங்கி மடிப்பிலும் மஞ்சள் பையிலும் பணத்தை வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வீடு திரும்புவார். இரண்டு முறை வழிமறித்தார்கள். ஒருமுறை தோளில் வெட்டு. அதற்குப் பிறகுதான் 1994-ல் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டு, அலைந்து, கான்பூர் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் செய்த .32 ரிவால்வர் ஒன்றை வாங்கினார்.

இந்தியாவில் தனி ஆள் ஒருவர் கைத்துப்பாக்கி வாங்க நினைத்தால் பெரும்பாலும் இந்த .32-ல்தான் வந்து நிற்பார். .38, 9 எம்.எம். போன்ற போலீஸ், ராணுவ அளவுகள் சாதாரண ஆட்களுக்குத் தடை செய்யப்பட்டவை. கான்பூர் ரிவால்வர், இங்கிலாந்தின் வெப்ளி மார்க் 4 மாடலை ஒட்டிச் செய்தது. எடை சுமார் 700 கிராம். பேரல் 3 அங்குலம். நடுவில் மடங்கித் திறக்கும். திறந்தால் சிலிண்டர் நடுவில் இருக்கும் நட்சத்திரம் போன்ற தகடு மேலே எழும்பி, காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும். பழைய டிசைன்தான். சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் ‘பிரபல்’ என்ற மாடல் 2023-ல்தான் வந்தது.

பெரியவர் அதை வைத்து ஒருவரையும் சுட்டதில்லை. ரேஞ்சில் நாலைந்து முறை சுட்டுப் பார்த்ததோடு சரி. ஆனால் அது இடுப்பில் இருக்கிறது என்பது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். எர்ணாவூரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. வெறும் தண்ணீர் இல்லை, கறுப்பாக எண்ணெய் மிதக்கும் வெள்ளம். அந்த வாரம் எண்ணூர் முகத்துவாரத்தில் படகுகளும் வலைகளும் தார் பூசியது போல் நின்றதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். பெரியவர் வீட்டில் முழங்கால் உயரம். பேரப்பிள்ளைகளை மாடிக்கு ஏற்றி, அரிசி மூட்டையைக் காப்பாற்றி, பத்திரங்களைத் தேடி எடுத்த பிறகுதான் பீரோவின் கீழ்த்தட்டு ஞாபகம் வந்தது. தோல் உறையோடு ரிவால்வர் இரண்டு நாள் ஊறியிருந்தது.

வெளியே எடுத்தார். துணியால் துடைத்தார். கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தடவினார். உறையை வெயிலில் காயவைத்து, அதிலேயே திரும்பப் போட்டு மேல்தட்டில் வைத்தார். வீடே சேறாகக் கிடந்த வாரத்தில் அதற்கு மேல் யாராலும் என்ன செய்திருக்க முடியும்?

2024 மார்ச் 16-ல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனிலோ, அரசு அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. பெரியவர் எப்போதும் போல் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கினார், அதே தோல் உறையோடு. ஏப்ரல் 19-ல் ஓட்டுப்பதிவு. ஜூன் 6-ல் நடத்தை விதிகள் முடிந்தன. திரும்ப வாங்கப் போனபோது கடைக்காரர் உறையிலிருந்து எடுத்துக் காட்டி, “ஐயா, இத ஒருதடவ நல்லா பார்த்துடுங்க. உறை ஈரம் குடிச்சிருக்கு” என்றார்.

வீட்டில் இதைப் பற்றிய பேச்சு வேறு ஒரு காரணத்தால் சூடாகவே இருந்தது. பெரியவருக்கு மகன் இல்லை. ஒரே மகள், 41 வயது. ஐஸ் வியாபாரத்தை ஏழு வருடமாக அவர்தான் பார்க்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்கூட்டியில் காசிமேடு போவதும் அவர்தான். 2016-ம் வருட ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தொட்டாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு அவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். பெரியவருக்கு இரண்டு தகுதியும் வந்துவிட்டது. ஐஸ் கம்பெனிச் சாவியைக் கொடுத்தது போல் இதையும் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வாரிசு என்பதற்காகத் தானாகக் கிடைத்துவிடாது. மகள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. மகள் பிடிகொடுக்காமல் இருந்தார்.

“மொதல்ல அது நல்லா கீதான்னு பார்க்கலாம் நைனா” என்று ஒருநாள் சொன்னார். தள்ளிப்போடத்தான் சொன்னார். ஆனால் பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார்.

அந்த மச்சானுக்கு 64 வயது. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் புல்லட் பைக் செய்யத் தொடங்கியது பலருக்குத் தெரியும். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. லண்டன் பக்கத்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. நம் போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் சுமந்த .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்குப் பெயர் கொடுத்ததும் அந்த ஊர்தான். அந்தத் தொழிற்சாலைக்கு பாகங்கள் செய்துகொடுத்த சைக்கிள் கம்பெனி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. பீரங்கிதான் அவர்கள் முத்திரை. துப்பாக்கி மாதிரி செய்தது என்பதே அவர்கள் விளம்பரம். வண்டிக்குப் புல்லட் என்று பெயர் வந்ததில் ஆச்சர்யம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைத்து, பழைய துண்டு ஒன்றை விரித்தார்கள். பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தோட்டாக்கள் எல்லாம் உள்ளறையில், டப்பாவில், மகளின் பொறுப்பில்.

“காலிதான் மச்சான், நான் பார்த்துட்டேன்” என்றார் பெரியவர்.

“இருக்கட்டும் மாமா” என்று சொல்லிவிட்டு, பேரலை ஆளில்லாத சுவர்ப் பக்கம் திருப்பித் திறந்தார் மச்சான். ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்தார். காலி என்று அடுத்தவர் சொல்வதை நம்பி யாரும் துப்பாக்கியைக் கையில் எடுக்கக் கூடாது. சொல்பவர் வீட்டுப் பெரியவராக இருந்தாலும்.

பெரியவருக்கு முதல் கவலை சிலிண்டரைச் சுற்றி ஓடும் கோடு. கறுப்புப் பூச்சு போய், வெள்ளி அரைஞாண் மாதிரி பளபளத்தது. “இது வெள்ளத்துல வந்ததா?”

மச்சான் சிரித்தார். இது சுழற்சிக் கோடு. ஒவ்வொரு முறை சிலிண்டர் சுழலும்போதும் கீழே இருக்கும் சின்னத் தடுப்பு அதன்மேல் உரசிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் விழும். அந்த உரசலில் பூச்சு போகும், இரும்பு போகாது. நகத்தால் கீறிப் பார்த்தால் மட்டம் தெரியும், குழி இருக்காது. பேரல் நுனியில் பூச்சு போனது உறையில் நுழைத்து எடுத்ததால். கைப்பிடிக்குப் பின்னால் வெளுத்தது வியர்வையால். சிலிண்டரின் முன்முகத்தில் அறை வாய்களைச் சுற்றி இருக்கும் கரி வளையம் சுட்டதன் அடையாளம். அதைப் போக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள்தான் துப்பாக்கியைக் கெடுப்பவர்கள். கரியோடு இரும்பும் போய்விடும்.

சிலிண்டருக்கு நேர் மேலே, பட்டை மாதிரி போகும் இடத்தின் அடியில் ஒரு மெல்லிய கீறல் தெரிந்தது. சுடும்போது சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே தப்பிவரும் சூடான வாயு தின்ற இடம். கொஞ்ச ஆழம் வரை போய்ப் பெரும்பாலும் நின்றுவிடும். இதுவும் வயசுதான், வியாதி இல்லை.

அடுத்து ஆட்டம். பட்டறைக்காரர்களுக்கு இதுதான் முக்கியம். புதிதாக வாங்கிய துப்பாக்கியில்கூட சிலிண்டர் துளி ஆடும். ஆடாமல் இறுகப் பிடித்திருந்தால், சூடாகி விரியும்போது சுழலாது. எவ்வளவு ஆட்டம் என்பதுதான் கேள்வி. முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஃபீலர் கேஜை எடுத்தார். புல்லட்டின் டேப்பெட் இடைவெளி பார்க்க ஆயிரம் முறை விரித்த அதே விசிறி. சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே பாயின்ட் ஒன் ஃபைவ் மில்லிமீட்டர் தகடு நுழைந்தது. பாயின்ட் டூ நுழையவில்லை. “இது போதும் மாமா. அளவுலதான் கீது.” இந்த இடைவெளி பாயின்ட் ஒன்னிலிருந்து பாயின்ட் டூவுக்குள் இருப்பது நல்லது. ரொம்பக் கூடினால் வாயுவும் ஈயத் துணுக்கும் பக்கத்தில் தெறிக்கும். ரிவால்வரைப் பிடிக்கும்போது சிலிண்டரின் முன்பக்கம் விரல் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான்.

மடங்கித் திறக்கும் மாடலில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீல் போல இதற்கும் ஒரு கீல், ஒரு கொண்டி. மூடிய நிலையில் பேரலை ஒரு கையிலும் கைப்பிடியை மறு கையிலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கதவு ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். வீரன் மாதிரி ஒரு உதறு உதறித் திறந்து, அறைந்து மூடுகிறவர்களின் துப்பாக்கியில் இந்த இடம்தான் முதலில் போகும். பெரியவர் பொறுமைசாலி. கீல் இறுக்கமாக இருந்தது.

பெரியவரின் முகத்தில் தெளிவு வந்தது. மகளைப் பார்த்தார். ‘பார்த்தாயா’ என்பது போல.

கைப்பிடித் தகட்டைக் கழற்றியபோதுதான் பேச்சு நின்றது. அடியில் காவி நிறத்தில் துரு. தேங்காய் எண்ணெய் இங்கே வரவே இல்லை. வந்த இடத்திலும் பிசுபிசுவென்று பிடித்து, தூசியைச் சேர்த்து வைத்திருந்தது. சமையல் எண்ணெய் எதுவும் இதற்கு ஆகாது. நாளானால் சிக்குப் பிடித்து, காரலெடுத்து, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளை மந்தமாக்கிவிடும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய் இன்னும் நல்லது. அதுவும் சொட்டுக் கணக்கில்தான். ஊற்றினால் வழிந்து தோட்டாவின் அடிப்பகுதிக்குள் ஊறி, சுட வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போகலாம்.

துருவைப் பழைய பருத்தித் துணியும் எண்ணெயும் வைத்துத் துடைத்தார். கீழே சிறு குழிகள் தெரிந்தன. அம்மைத் தழும்பு மாதிரி. கைப்பிடிக்கு உள்ளே என்பதால் பலத்துக்கு ஆபத்தில்லை. “ஆனா தண்ணி இங்க வந்திருக்குன்னா வேற எங்கியும் வந்திருக்கும்” என்றார் மச்சான்.

இனிமேல்தான் முக்கியமான சோதனை. ஒயிட்போர்டு மார்க்கரால் ஆறு அறைகளுக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டார். சுத்தியைக் கட்டைவிரலால் மெல்ல, மிக மெல்லப் பின்னால் இழுத்தார். சுத்தி முழுதாகப் பின்னால் வந்து நிற்பதற்கு முன்பே சிலிண்டர் தன் இடத்துக்கு வந்து, கீழே தடுப்பு பள்ளத்தில் ‘டக்’கென்று விழ வேண்டும். முதலில் சிலிண்டரின் ‘டக்’, பிறகு சுத்தியின் ‘கிளிக்’. ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று, சரி. நான்காவது அறையில் ‘கிளிக்’ மட்டும் கேட்டது. சுத்தி ஏறி நின்றுவிட்டது. சிலிண்டர் ஒரு மயிரிழை பின்தங்கி நின்றது. விரலால் தொட்டால்தான் ‘டக்’கென்று உட்கார்ந்தது. ஐந்தும் ஆறும் சரி. மறுபடி ஒரு சுற்று. மறுபடியும் நான்கு மட்டும்.

அது என்ன பிரமாதம் என்று தோன்றலாம். அறையும் பேரலும் நேர்கோட்டில் இல்லாத நேரத்தில் சுத்தி விழுந்தால், தோட்டா பேரலின் வாயில் ஒரு பக்கமாக மோதும். ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும். சீவல் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும். விலகல் அதிகமானால் துப்பாக்கியே சேதமாகலாம்.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. கையில் வாங்கி, குதிரையை ஒரே இழுப்பாக இழுத்தார். நான்காவது அறை கச்சிதமாக வந்து நின்றது. “பாரு! நீ மெதுவா இழுத்தா நிக்காது. வேகமா இழுத்தா நிக்குது இல்ல?”

“வேகமா இழுத்தா சிலிண்டரு சுத்துற வேகத்துலயே மீதி தூரம் போயி உக்காந்துக்கும் மாமா. பிரேக் புடிக்காத வண்டி மேட்டுல தானா நிக்கிற மாதிரி. அத நம்பி பள்ளத்துல எறங்க முடியுமா?”

ஏன் நான்கு மட்டும்? இங்கேதான் ஃபிட்டர் மூளை வேலை செய்தது. ஆறு அறையும் ஒரேபோலப் பின்தங்கினால், சிலிண்டரைத் தள்ளும் நெம்புகோல் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது எல்லா அறைக்கும் பொது. ஒன்று மட்டும் பின்தங்கினால், அந்த அறைக்கு உரிய பல்லில் பிரச்னை. திறந்து, நட்சத்திரத் தகட்டின் பின்புறம் இருக்கும் ஆறு பற்களையும் டார்ச் அடித்து, மகளின் நூல் கோக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். ஐந்து பற்கள் ஒரேபோல வழவழப்பாக இருந்தன. ஒன்றின் ஓரம் மட்டும் கடித்தது போல. துரு தின்ற குழி. உறையின் தையல் ஈரத்தோடு அழுத்திக் கிடந்த பக்கம் அது.

“தேய்மானம்னா பரவலா இருக்கும் மாமா. எல்லாப் பல்லும் சமமா தேயும். ஒரே எடத்துல மட்டும் இருந்தா அது தேய்மானம் இல்ல, கோளாறு.” புல்லட் கிராங்க்கைப் பார்த்தும் இதையேதான் சொல்லியிருப்பார்.

தோல் உறையை எடுத்து முகர்ந்து பார்த்தார் மகள். இன்னும் அந்தக் கறுப்பு வெள்ளத்தின் வாடை. தோல், பதனிடும்போதே உப்பும் அமிலமும் குடித்தது. கடலோரக் காற்றில் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வெளியே எடுத்துப் போகத்தான் உறை. வீட்டில் வைப்பதற்கு இல்லை. எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, பூட்டிய பெட்டியில், ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். தோட்டா தனிப் பெட்டி, தனிப் பூட்டு. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து விரல்ரேகையைத் துடைக்க வேண்டும். வியர்வைக் கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் விட்டால் சென்னையில் இரண்டு நாளில் ரேகை துருவாகப் பதியும். திருடனைப் பிடிக்கலாம் அதை வைத்து.

“சரி, நீயே ஒரு பாயின்ட் வெல்டு வெச்சு அரத்தால ராவி விடேன். பின்னாடி தெருவுல லேத்து கீது” என்றார் பெரியவர்.

திருவொற்றியூரில் வளர்ந்த யாருக்கும் தோன்றும் யோசனைதான். கப்பல் வின்ச்சுக்கே பல் வெட்டித் தருகிற பட்டறைகள் இருக்கும் ஊர். மச்சானுக்குக் கையும் துறுதுறுத்திருக்கும். ஆனால் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு. லேத்துக்காரர் நல்ல மனதோடு ஒரு பல்லைத் தொட்டாலும் குற்றம். தவிர, வெல்டிங் சூட்டில் அந்தப் பல்லின் பதம் போய்விடும். அடுத்த வருடம் மறுபடி தேயும். “நான் பார்த்துச் சொல்லலாம். கை வெக்க மாட்டேன் மாமா. கடைக்கிட்ட குடு. அவங்க ஆர்மரர் பார்ப்பாரு.”

ஸ்க்ரூக்களைத் திரும்ப மாட்டும்போது சரியான அளவு திருப்புளியைத் தேடித்தேடி மாட்டினார். துப்பாக்கியின் ஸ்க்ரூ தலை சிதைந்திருந்தால், அதை யாரோ தெரியாதவர் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பெரியவரின் ரிவால்வரில் ஸ்க்ரூக்கள் புதிது போல இருந்தன. 30 வருடத்தில் யாரும் திறந்ததில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

மகள் இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது துப்பாக்கியை மட்டும் அல்ல. சுத்தியை மெல்ல இழுத்துப் பார்க்கும்படி மச்சான் கொடுத்தபோது, பெரியவரின் கட்டைவிரல் இரண்டு முறை வழுக்கியது. சர்க்கரை வியாதி வந்து 18 வருடம். விரல் நுனிகளில் உணர்ச்சி பாதி இல்லை. காதும் கொஞ்சம் மந்தம். ‘டக்’ விழாததை அவர் கேட்கவும் இல்லை, விரலால் உணரவும் இல்லை. மச்சான் அதைப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் ரிவால்வரை வாங்கித் துண்டின்மேல் வைத்தார்.

“நைனா, இத்த யாரு மாசாமாசம் தொடைக்கிறது?” என்று கேட்டார் மகள்.

“நான்தான். வேற யாரு?”

“உனுக்கு அப்புறம்?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெண்களுக்கென்று சொல்லி 2014-ல் வந்த ‘நிர்பீக்’ ரிவால்வரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். 500 கிராம்தான், கைப்பைக்குள் அடங்கும், அப்போதே ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம், அதை வேண்டுமானால் வாங்கித் தருகிறேன் என்றார்.

மகள் சொன்ன பதில் நீளமானது. முன்பு போல் ரொக்கம் இல்லை, முக்கால்வாசிப் பேர் போனில்தான் போடுகிறார்கள். படகு ஆட்களின் கூலியும் சில்லறை வியாபாரிகளும்தான் ரொக்கம். அது ஒரு மஞ்சள் பைக்கு வராது. ஆனால் விடியற்காலை சூரியநாராயண செட்டித் தெரு வழியாகத் தனியாகப் போகும்போது பயம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. பயம் இருக்கிறது. நைனாவுக்கு ஊரெல்லாம் ஒரு பேர் இருந்தது, அந்தப் பேர்தான் காப்பாற்றியது, இரும்பு இல்லை. தன்னிடம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு. வாங்கினால் சரியாகக் கற்றுக்கொண்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் வேண்டாம். நடுவில் பீரோவில் வைத்து மறந்துபோகிற மாதிரி மட்டும் கூடாது.

இந்த இடத்தில் மகள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று தோன்றுகிறது. தற்காப்புக்கு என்று வாங்கிய பொருள், தற்காப்பு தேவைப்படும் நொடியில் வேலை செய்யுமா என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால், வீட்டில் இருக்கும் ஆபத்துகளில் அதுவும் ஒன்று. பெரியவரின் வருத்தமும் புரியாதது இல்லை. தோளில் வெட்டு வாங்கியவர் அவர்தான்.

மறுவாரம் மூன்று பேருமாகக் கடைக்குப் போனார்கள். கடை ஆர்மரர் திறந்து பார்த்துவிட்டு, மச்சான் சொன்ன அதே பல்லைக் காட்டினார். நட்சத்திரத் தகட்டை மாற்ற வேண்டும், அதை அந்தச் சிலிண்டருக்கே பொருத்திச் சரிசெய்ய வேண்டும், பாகம் கான்பூரிலிருந்து வர நாளாகும் என்றார். தோட்டாக்களையும் கொட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 18. உறையின் வளையங்களில் செருகியிருந்த ஆறில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த ஆறையும் தனியே எடுத்து, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதி, திரும்பத் தரவில்லை.

“ரிப்பேர் பண்ணவா, இல்ல வித்துக் குடுக்கவா? ஐயா சொல்றதுதான்” என்றார் கடைக்காரர். விற்பதாக இருந்தால் லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குத்தான், அனுமதியோடுதான். தகடு மாற்றாமல் விற்க அவர் சம்மதிக்கவில்லை.

பெரியவர் மகளைப் பார்த்தார். மகள் மச்சானைப் பார்த்தார். மச்சான் கண்ணாடி அலமாரியில் இருந்த ஏர் கன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மொதல்ல ரிப்பேர் பண்ணுங்க” என்றார் பெரியவர்.

ரிவால்வர் இப்போதும் கடையில்தான் இருக்கிறது. ரசீது பீரோவின் மேல்தட்டில். மகள் பாதுகாப்புப் பயிற்சி எங்கே, எத்தனை நாள் என்று விசாரித்து வைத்திருக்கிறார். வாரிசு விண்ணப்பத்தை டவுன்லோடு செய்து பிரின்ட்டும் எடுத்தாயிற்று. அதில் பெரியவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, மகளும் கேட்கவில்லை. தோல் உறையை மட்டும் அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டார்கள்.